வலமாக நடந்தவர்கள்

வரைபடப் பலகைக்கு முன்னால் கிருபானந்தன் மாமா நின்ற நிலையைப் பார்த்தால், மனுசன் காணி உறுதிப் பத்திரம் ஒன்றை வாசிக்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒரு கையில் குடை, மறு கையில் மூக்குக்கண்ணாடி. பலகையில் இருந்தது ஒரு மஞ்சள் வளையம், அவ்வளவுதான். ஆற்றோரத்துக் கார் தரிப்பிடத்தில் தொடங்கி, மேப்பிள் காட்டுக்குள் நுழைந்து, சதுப்பின் மேல் போட்ட மரப்பாலத்தைத் தாண்டி, ஏரிக்கரைக்குப் போய், அங்கிருந்து கரையோரமாகவே திரும்பி வந்து தொடங்கிய இடத்தில் முடிகிற ஆறு கிலோமீற்றர் பாதை. எந்தப் பக்கத்தால் போனாலும் அதே ஆறு கிலோமீற்றர். இதற்கு அவர் ஐந்து நிமிடம் யோசித்தார். தூறல் என் சப்பாத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“வலமாப் போவம்,” என்றார் கடைசியில். “காடு எங்கட வலக்கைப் பக்கம் இருக்கவேணும்.”

“நடக்கிறதுக்கு என்ன மாமா வலம் இடம்? இதென்ன கோயிலே?”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார்.

“சமிபாட்டுக்கு நல்லது,” என்றார் மாமா.

வலமாக நடந்தால் காலையில் சாப்பிட்ட இடியப்பம் எப்படிக் கெதியாகச் சமிக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் இன்னொரு பொய் சொல்லவேண்டி வரும், மாமாவுக்குப் பொய் சரிவராது. இந்த ஒக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததிலிருந்து தூறிக்கொண்டிருக்கிற நாளில், மொன்றியலில் எங்கள் வீடு இருக்கிற பியர்பொன்ட்ஸிலிருந்து பாலம் கடந்து இல்-பிசார் தீவுக்கு என்னை ஏன் கூட்டி வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

என்னைப் பெண் பார்க்க இதுவரை ஐந்து குடும்பங்கள் வந்து போயிருக்கின்றன. கடைசியாக வந்தவர்கள் எட்டுப் பேர். பன்னிரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார்கள், இரண்டு முறை தேத்தண்ணீர் குடித்தார்கள், என் வேலையைப் பற்றி விசாரித்தார்கள். மருந்துக்கடையில் நிற்கிறேன் என்றதும் அந்தத் தாய் தன்னுடைய பிரஷர் குளிசையை எடுத்துக் காட்டி இதைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா போடுவது என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழும்பிப் போனவர்கள் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு முப்பத்தொரு வயது. ரோல்ஸ் கொடுத்த தட்டத்தைக் குசினிக்குள் வைத்துவிட்டு, இனி ஒருவருக்கும் முன்னால் வந்து நிற்கமாட்டேன், செத்தாலும் நிற்கமாட்டேன் என்று அம்மாவுக்குச் சொன்னேன். சொன்ன விதம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. அம்மா நாலு வருடமாகக் கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. அப்பா இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் இருத்திக் கதைத்திருப்பார். அவரும் போய் ஏழு வருடமாகிறது.

ஆகவே இந்தத் திட்டம். போட்டவர் செல்வமலர் அன்ரி. மொன்றியலில் நடந்த கல்யாணங்களில் பாதி தன்னால்தான் நடந்தது என்பார், மற்றப் பாதி ஏன் பிழைத்தது என்றும் சொல்வார். ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்து முறையாகப் பெண் பார்ப்பதற்கு முன்னால், கோயில் திருவிழாவில் வைத்துத் தற்செயலாகச் சந்திப்பதுபோல் இரண்டு பகுதியும் சந்திப்பார்கள். பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிடிக்காவிட்டால் கும்பிட்டுவிட்டுத் தங்கள் பாட்டில் போய்விடலாம், யாருக்கும் முகம் முறியாது. இங்கே கோயிலில் அதைச் செய்யமுடியாது. கையில் இருக்கிற வடை முடிவதற்குள் மூன்று பேர் ரொறன்ரோவுக்கு ஃபோன் எடுத்துவிடுவார்கள். எனவே தமிழர் அதிகம் வராத இடமாக, இந்தக் காட்டைச் செல்வமலர் அன்ரி கண்டுபிடித்தார். மாப்பிள்ளை வீட்டார் ஏரிக்கரைத் தரிப்பிடத்தில் பத்து மணிக்கு இறங்குவார்கள். நாங்கள் ஆற்றோரத் தரிப்பிடத்தில் பத்து மணிக்கு இறங்குவோம். நடந்தால் மரப்பாலத்தடியில் எதிரும் புதிருமாக முட்டிக்கொள்வோம். முட்டும்வரை இரண்டு வீட்டாரும் ஒருவரோடொருவர் நேரே கதைக்கக் கூடாது, எல்லாம் தன் மூலம்தான் நடக்கவேண்டும் என்பது அவருடைய சட்டம்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அம்மா ஃபோனில் வரும் குரல் செய்திகளை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார். புதன்கிழமை பின்னேரம் நான் குளித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக் குசினிக்குள் நின்று கேட்டார். நான் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். செல்வமலர் அன்ரியின் திட்டத்தைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில், துவாயோடு வெளியே போய் அந்த ஃபோனைப் பிடுங்கித் தண்ணீருக்குள் போட்டிருப்பேன். அதற்குள் அடுத்த செய்தி தொடங்கிவிட்டது. ஒரு ஆணின் குரல். செல்வமலர் அன்ரிக்கு அந்த மாப்பிள்ளை அனுப்பியதை அன்ரி அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார்.

“அன்ரி, அவ இனி வேண்டாமெண்டு சொன்னது எனக்கு விளங்குது. ஆம்பிளையள் எங்களுக்கும் வெக்கம்தான். பகிடிக்குச் சொல்லேல்ல. போன முறை ஒரு வீட்டை போய் ரோல்ஸைக் கடிச்சுப்போட்டு, எல்லாரும் என்னையே பாக்க, விழுங்கேலாமல் இருந்தனான். நான் நடக்க வாறன். அவவுக்குக் கதைக்க விருப்பமில்லையெண்டா ஒரு ஹலோவோட போகட்டும். நான் மறிக்கமாட்டன்.”

நான் குழாயைத் திறந்துவிட்டு, குளிக்கிற சத்தம் கேட்கும்படி கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அடுத்த நாள் அம்மா கடைக்குப் போனபோது ஃபோனை வீட்டில் விட்டுவிட்டார். அந்தச் செய்தியை மூன்று தரம் கேட்டேன். அன்ரி அனுப்பியிருந்த படத்தையும் பார்த்தேன். நிதுசன், முப்பத்தெட்டு வயது, லிஃப்ட் திருத்துகிற வேலை, அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் தாயோடு இருக்கிறான். படத்தில் ஒரு சாம்பல் நிறக் காரில் சாய்ந்துகொண்டு, எடுப்பவர் ஏதோ சொன்னதற்குச் சிரிக்கப் பார்த்துப் பாதியில் நிற்பாட்டின முகம். எனக்கு அந்த முகம் பிடித்துவிட்டது. இதை யாருக்குச் சொல்வது? வேண்டாம் என்று வீடு அதிரக் கத்தி, நாலு வருடம் வீறாப்பாக இருந்தவள், குளியலறைக்குள் நின்று ஒட்டுக்கேட்டு மனம் மாறிவிட்டேன் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? அவர்கள் தங்களுடைய நாடகத்தை ஆடட்டும், நான் ஒன்றும் தெரியாதவளாக நடந்துபோய் முட்டிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

காட்டுக்குள் அம்மா எனக்கு முன்னால் நடந்தார். நடப்பதற்கென்று வந்தவர் ஊதாச் சேலை உடுத்தி, காலுக்கு ஓட்டச் சப்பாத்துப் போட்டிருந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பினார்.

“அந்த மழைக்கோட்டைக் கழட்டன் பிள்ளை. வேர்க்குமல்லே.”

“ஏழு பாகையில ஆருக்கம்மா வேர்க்கும்?”

“கழட்டிக் கையில வைச்சிரு. உள்ள போட்டிருக்கிற சட்டை வடிவாயிருக்கு.”

கழற்றினேன். மெரூன் சட்டை நனையத் தொடங்கியது. பாதையில் ஆட்கள் வராமல் இல்லை. ஓடுகிறவர்கள் வந்தார்கள், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு இருவர் வந்தார்கள், மஞ்சள் கோட்டுப் போட்ட நாலு பெண்கள் உரத்துக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் காலடிச் சத்தம் கேட்டவுடன் மாமா தொண்டையைச் செருமித் தலைமுடியைத் தடவினார், அம்மா தலைப்பை இழுத்துவிட்டார், நான் எங்கோ மரத்தைப் பார்த்தேன். யாரோ வந்து ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டுப் போனதும் மூன்று பேரும் மூச்சு விட்டோம். அவர்கள் இருவரும் என்னிடமிருந்து மறைக்கிறார்கள், நான் அவர்களிடமிருந்து மறைக்கிறேன், ஆனால் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் நெஞ்சு அடித்தது. வேறு நாளென்றால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

மரப்பாலத்தில் ஒருவரும் இல்லை. சதுப்பு இரண்டு பக்கமும் நரைத்த புல்லோடு கிடந்தது. கனடா வாத்துகள் தெற்கே போவதற்கு முன்னால் கூட்டம் போட்டுச் சண்டை பிடித்தன. பாலத்தின் நடுவில், கொஞ்சம் அகலமாக விட்டிருந்த இடத்தில் மாமா நின்றார்.

“இஞ்ச கொஞ்சம் நிண்டு வாத்துப் பாப்பம்,” என்றார்.

கால் மணித்தியாலம் வாத்துப் பார்த்தோம். மாமாவுக்கு வாத்தைக் கண்ணிலும் காட்டக் கூடாது. அம்மா மணிக்கூட்டைப் பார்த்து, மாமாவைப் பார்த்து, புருவத்தால் கேட்டார். மாமா தோளைக் குலுக்கினார். வரமாட்டானோ, மனம் மாறிவிட்டானோ, தூறல் என்று வீட்டில் நின்றுவிட்டானோ என்று யோசித்துக்கொண்டு, அதே நேரம் வாத்தை ரசிக்கிற முகத்தையும் வைத்துக்கொண்டு நிற்பது லேசான வேலையில்லை.

அப்போதுதான் அந்தக் கிழவர் வந்தார். எங்களுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, கழுத்தில் பெரிய தொலைநோக்கியும் முதுகில் பையுமாக. பறவை பார்க்கிறவர். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கினார். அம்மாவுக்கு பிரெஞ்சு தெரியாது. மாமா முப்பது வருடம் ஒரு கிரேக்கரின் சமையலறையில் வேலை செய்தவர், அவருக்குக் கிரேக்க மொழியில் திட்டத் தெரியும், பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும்தான். ஆகவே அந்தக் கிழவர் சொன்னது எனக்கு மட்டும் விளங்கியது.

இன்றைக்கு உங்களைப்போல் சேலை கட்டின இரண்டாவது பெண்மணியைச் சந்திக்கிறேன் என்றார் அவர். கரையோரப் பாதையில் ஒருவர், மஞ்சள் சேலைக்கு மேல் ஆணின் கறுப்புக் கோட்டு, கூடவே உயரமான ஒரு மகன். மரப்பாலம் எங்கே இருக்கிறது என்று மகன் கேட்டான். நீங்கள் பிழையான பக்கத்தால் போகிறீர்கள், அப்படியே திரும்பினால் பத்து நிமிடத்தில் பாலம், இப்படியே போனால் ஏறக்குறைய முழு வட்டமும் சுற்றவேண்டும் என்று நான் அவனுக்குச் சொன்னேன் என்றார் கிழவர். மகன் திரும்ப வெளிக்கிட்டான். தாய் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு நேரே போய்விட்டார். உங்களுக்குத் தெரிந்தவர்களா? அவர்களும் நீங்கள் போகிற அதே பக்கமாகத்தான் சுற்றுகிறார்கள். இப்படி நடந்தால் நீங்கள் அவர்களைக் காணவே மாட்டீர்கள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. செல்வமலர் அன்ரி எல்லாம் சொன்னார். நாள் சொன்னார், நேரம் சொன்னார், என்ன நிறச் சட்டை என்றுகூடச் சொன்னார். எந்தப் பக்கத்தால் சுற்றுவது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்ட எந்தத் தமிழ்ச் சனம் இடமாகச் சுற்றும்? வட்டத்தின் இந்தக் கரையில் எங்களுடைய மாமா காட்டை வலக்கைப் பக்கம் வைத்திருக்கிறார், அந்தக் கரையில் அந்தத் தாய் அதே காட்டை அதே வலக்கைப் பக்கம் வைத்திருக்கிறார். இரண்டு பகுதியும் ஒரு காட்டைப் பயபக்தியோடு கும்பிட்டுச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

“என்னவாம்?” என்று அம்மா கேட்டார்.

சொல்லியிருக்கலாம். அம்மா, அவை அந்தப் பக்கத்தால வருகினம், திரும்புவம். ஐந்தாறு வார்த்தைதான். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ‘அவை’ யார் என்று அம்மா கேட்பார். பிறகு எப்போதிருந்து தெரியும் என்று கேட்பார். கடைசியில், தெரிந்துகொண்டும் நீ ஏன் வந்தாய் என்று கேட்பார். அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது. நாலு வருட வீறாப்புக்குப் பிறகு அதை மாமாவுக்கு முன்னால் சொல்வதைவிட அந்தச் சதுப்புக்குள் இறங்குவது மேல் என்று பட்டது.

“வாத்தைப் பற்றிச் சொல்லுறார்,” என்றேன்.

“மெர்சி,” என்றார் மாமா, கிழவருக்கு.

பிறகு நான் செய்தது எல்லாம் அரைகுறைத் தந்திரம். சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து ஆறுதலாகக் கட்டினேன். ஒரு பகுதி நின்றால்தானே மற்றப் பகுதி வந்து பிடிக்கும். காலை மடக்கி, கணுக்கால் நோகிறது என்றேன். இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்றார் அம்மா. வந்த வழி வடிவாக இருந்தது, அப்படியே திரும்புவோமா என்று கேட்டேன். மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“தொடங்கினதை அரைவாசியில திருப்பக் கூடாது பிள்ளை. அது சரியில்லை.”

“நடைக்கு என்ன மாமா சரி பிழை?”

“எதுக்கும்தான். கெதியா நட, முன்னுக்குப் போய்ப் பாப்பம்.”

“எதைப் பாக்க?”

“ஏரியை,” என்றார் மாமா. குடையைச் சுருக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். நாங்கள் பிந்திவிட்டோம், அவர்கள் எங்களுக்கு முன்னால் எங்கோ நிற்கிறார்கள் என்பது அவருடைய கணக்கு. வேகமாக நடக்க நடக்க அவர்களைவிட்டு விலகிப்போகிறோம் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. எனக்கு மாமாவின்மேல் கோபம், அம்மாவின்மேல் கோபம், முன்பின் தெரியாத அந்த மஞ்சள் சேலைக்காரிமேல் கோபம். எல்லாரையும்விட என்மேல்தான் கூடக் கோபம். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லக் கையாலாகாதவள், மூன்று நாளாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தோட்டை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

ஏரிக்கரைத் தரிப்பிடத்தில் அந்தச் சாம்பல் நிறக் கார் நின்றது. படத்தில் கண்ட அதே கார். முன்கண்ணாடிக்குள் சின்னப் பிள்ளையார், பின்சீற்றில் மடித்து வைத்த குடை. மாமா அதைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு அம்மாவிடம் கண்ணைக் காட்டினார். நான் ஏரியைப் பார்த்தேன். தண்ணீரும் வானமும் ஒரே ஈய நிறத்தில் கிடந்தன. குளிக்கிற பருவம் முடிந்து, கரையில் கதிரைகளை அடுக்கிச் சங்கிலி போட்டிருந்தார்கள்.

அம்மா என்னை அங்கிருந்த மர வாங்கில் இருத்திவிட்டு, மாமாவோடு மலசலகூடச் சுவருக்குப் பின்னால் போனார். அங்கே நின்று செல்வமலர் அன்ரிக்கு ஃபோன் எடுத்தார். அன்ரியின் ஃபோன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. இந்தப் பேச்சுப் பொருந்தி வரவேண்டுமென்று அவர் அந்த நேரம் கோயிலில் அர்ச்சனை செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அம்மாவுக்கு மெதுவாகக் கதைக்க வராது. மரச்சுவர் வேறு.

“கார் நிக்குது, ஆக்களைக் காணேல்ல எண்டால் என்ன அர்த்தம் தம்பி? தூரத்தில வைச்சுக் கண்டிருப்பினம். கண்டிட்டு, பிடிக்காமல் காட்டுக்குள்ளால விலத்திப் போட்டினம்.”

“அப்பிடி இருக்காது அக்கா.”

“வேற எப்பிடி? ஒரு வழிதானே இருக்கு. என்ர பிள்ளையை முகத்தையும் பாக்காமல் வேண்டாமெண்டிட்டினம்.”

மாமா ஏதோ சொன்னார். இனி இந்தப் பேச்சுக்காலை விட்டுவிடச் சொல்லிச் செல்வமலருக்கு இன்றைக்கே சொல்கிறேன், இனி எவரும் என் பிள்ளையைப் பார்க்க வேண்டாம் என்று அம்மா சொன்னது கேட்டது.

திரும்பி வந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது, மூக்கைத் துடைத்துவிட்டு வந்திருந்தார். என் மடியில் கிடந்த மழைக்கோட்டை எடுத்து உதறினார். சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல் ஒவ்வொரு கையாக நுழைத்து, கழுத்து வரைக்கும் சிப்பை இழுத்துவிட்டார். மெரூன் சட்டை முழுதாக மறைந்தது.

“மழை பிள்ளை, போட்டுக்கொண்டு இரு. வீட்டை போவம். கரையால நடந்தால் காருக்குப் போயிடலாம்.”

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அம்மாவைக் கட்டிப்பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும்போல் இருந்தது. அதே நேரம், சொன்னால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் இருந்தது. நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டால் இது முடிந்தது. இந்தப் பகுதி அவர்கள் வரவில்லை என்று சொல்லும், அந்தப் பகுதி இவர்கள் வரவில்லை என்று சொல்லும், இரண்டு தாய்மாரும் கோயிலில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருவரையொருவர் வேண்டாம் என்று யாருமே சொல்லாமல் இது முறிந்துபோகும். எழும்பினேன்.

“நீங்கள் ரெண்டு பேரும் கரையால போங்கோ. நான் வந்த வழியால வாறன்.”

“என்னத்துக்கு?”

“சும்மா. எனக்கு அந்தப் பக்கத்தாலதான் நடக்கவேணும்.”

“இடமாச் சுத்தாதை பிள்ளை,” என்றார் மாமா, பழக்க தோஷத்தில்.

“சுத்துறன் மாமா.”

அம்மா என்னைப் பார்த்தார். தனியாக நடந்து அழப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையோரப் பாதையில் இறங்கினார். நான் திரும்பினேன். வளைவு மறைக்கும்வரை நடந்தேன், மறைத்தவுடன் ஓடத் தொடங்கினேன். முப்பத்தைந்து வயதில், முழங்காலில் சேறு தெறிக்க, மழைக்கோட்டின் தொப்பி முதுகில் அடிக்க ஓடினேன். அவர்கள் அப்படியே வலமாக வந்துகொண்டிருந்தால் பாலத்தில் பிடித்துவிடலாம். மூச்சு இரைத்தது. என்ன சொல்வது என்று யோசித்தேன். ஹலோ. தற்செயலாக ஒரு ஹலோ. அதற்கு மேல் அவன் பார்த்துக்கொள்வான்.

பாலத்தின் மற்ற முனையில் மஞ்சள் தெரிந்தது. நின்று மூச்சைப் பிடித்தேன், முகத்தைத் துடைத்தேன், தலைமுடியைச் சரிசெய்தேன். பிறகு உலாவுகிறவளைப்போல் நடந்தேன். கிட்டப் போகப் போகத்தான் தெரிந்தது, மஞ்சள் சேலை மட்டும்தான். கறுப்புக் கோட்டை மேலே போட்டு, சேலையை ஒரு கையால் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெண், ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக் கால் வைத்து வந்துகொண்டிருந்தார். பின்னால் யாரும் இல்லை. நான் அவருடைய தோளுக்கு மேலால், காடு வரைக்கும் பார்த்தேன். யாருமே இல்லை.

பாலத்தின் நடுவில் இருவரும் நின்றோம். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சேற்றுச் சப்பாத்தில் அவருடைய கண் கொஞ்ச நேரம் நின்றது.

“பிள்ளை தமிழோ?”

“ஓம் அன்ரி.”

“தனியவோ வந்தனீர்? சும்மா நடக்க?”

அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியாத பாவனை. காலையிலிருந்து அம்மாவும் மாமாவும் வைத்திருந்த அதே முகம், நான் வைத்திருந்த அதே முகம். ஓம், சும்மாதான் என்று சொல்வது எவ்வளவு சுகம். சொன்னால் அவரும் தலையாட்டிவிட்டு ஏரிப் பக்கம் போவார், நான் காட்டுப் பக்கம் போவேன், எல்லாரும் மரியாதையாக வீட்டுக்குப் போய்ச் சேருவோம்.

“இல்லை அன்ரி,” என்றேன். “நான் ஜெயனி. உங்கட மகனைப் பாக்கத்தான் வந்தனான்.”

சொல்லி முடித்ததும் காது சுட்டது. ஓடி வந்த இளைப்பில் குரல் வேறு தேவைக்கு மேல் பெரிதாக வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வாத்துகள் கொஞ்சம் தள்ளி நீந்தின.

அவர் தூக்கிப் பிடித்திருந்த சேலையைக் கீழே விட்டார்.

“பெட்டைக்கு ஒண்டும் தெரியாதெண்டல்லே செல்வமலர் சொன்னவ.”

“தெரியும்.”

“உமக்குத் தெரியுமெண்டு அம்மாவுக்குத் தெரியுமோ?”

“இல்லை. அவ அந்தக் கரையால போறா. நீங்கள் விலத்திப் போட்டியள் எண்டு நினைச்சுக்கொண்டு போறா.”

“நாங்களோ?” என்றார். “நாங்கள் அல்லே நீங்கள் வரேல்லையெண்டு நினைச்சனாங்கள். பிறகு அங்க ஆத்தங்கரையில செல்வமலர் சொன்ன உங்கட காரைக் கண்டிட்டு, நீங்கள்தான் விலத்திப் போட்டியள் எண்டு நான் கொதிச்சுப்போய் நிண்டன்.” பிறகு கொஞ்சம் நிறுத்தி, “அவன் அதில இருந்து திரும்பிப் போட்டான்,” என்றார்.

“எங்க?”

“வந்த வழியால. காரைப் பூட்டினனோ தெரியேல்ல, போய்ப் பாத்திட்டு வாறன், நீங்கள் நேர போங்கோ அம்மா எண்டான். இடமாப் போகாதையடா எண்டு சொல்லச் சொல்லக் கேக்காமல் ஓடுறான்.”

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் அவனைத் தேடி இந்தப் பக்கத்தால் ஓடி வந்திருக்கிறேன். அவன் என்னைத் தேடி அந்தப் பக்கத்தால் ஓடியிருக்கிறான். ஒருவராவது இருந்த இடத்தில் நின்றிருந்தால் இந்த நேரம் கதைத்துக்கொண்டிருப்போம். இப்போது கரையோரப் பாதையில் அழுத கண்ணோடு வருகிற என் அம்மாவையும், கக்கத்தில் குடையோடு வருகிற மாமாவையும்தான் அவன் சந்திக்கப்போகிறான். அவர்கள் அவனுக்கு என்ன சொல்வார்கள் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

“காரைப் பூட்டாமலோ விட்டவர்?” என்று கேட்டேன், கேட்பதற்கு வேறொன்றும் வராமல்.

அந்தத் தாய் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். கார்த் திறப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினார்.

“பூட்டிப்போட்டு என்னட்டைத் தந்தவன். அவன் திரும்பி ஓடேக்கையும் இது என்ர பைக்குள்ளதான் கிடந்தது. நான் ஒண்டும் கேக்கேல்ல.”

திறப்பைத் திரும்பப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். சேலையை மறுபடி கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

“வாரும் பிள்ளை, ஏரிப் பக்கம் போவம். இது இல்லாமல் அவன் எங்கையும் போகேலாது.”

எனக்கு முன்னால் அவர் நடந்தார். கோயிலில் அடியழிக்கிறவர்களைப்போல, ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதம் ஒட்டினாற்போல் வைத்து, ஈரப் பலகை ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து. பாலம் இருவர் சேர்ந்து நடக்க அகலம் போதாது. அவரைத் தாண்டிப் போகவும் முடியாது. தூறல் மழையாகத் தடித்துக்கொண்டிருந்தது. இன்னும் இருநூறு மீற்றர் பாலம் இருந்தது, அதற்குப் பிறகு கரைக்குப் போகிற பாதை, பாதைக்குப் பிறகு ஏரி. நான் கைகளைக் கோட்டுக்குள் பொத்திப் பிடித்தபடி, அந்த மஞ்சள் சேலையின் நனைந்த கரைக்குப் பின்னால் ஒவ்வொரு பலகையாக நடந்துகொண்டிருந்தேன்.